ஏட்டில் ஏறாத மலை

கொல்லிமலையின் அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் மேலே போய்ச் சேர்கிறது. செம்மேட்டில் வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. கோட்டாட்சியரையும் மாவட்ட நீதிமன்றத்தையும் பார்க்க நாமக்கல்லுக்கு இறங்க வேண்டும். அதற்கும் மேலே முறையிட வேண்டுமென்றால் சென்னை. 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தபோது பக்கத்துக் கரூரும் திருச்சியும் அதன் எல்லைக்குள் போயின; நாமக்கல் சென்னையோடே நின்றுவிட்டது. இத்தனைக்கும் சென்னைக்குப் போகும் தூரத்தில் ஏறத்தாழப் பாதிதான் மதுரை. கொல்லிமலையின் உட்பிரிவுகளான வளப்பூர் நாட்டிலோ தின்னனூர் நாட்டிலோ மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிற ஒருவர், தன் வழக்கு மேல் நீதிமன்றத்தில் பேசப்படும் நாளில் அங்கே இருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சமவெளிக்காரர்களும் பெரும்பாலும் இருப்பதில்லைதான். மேல்முறையீடு என்பது ஆளைப் பார்த்து நடப்பதல்ல, வழக்குக் கட்டைப் பார்த்து நடப்பது. ஆனால் சமவெளியில் ஒருவர் வாழ்க்கையின் பாதியாவது ஏதோ ஓர் ஏட்டில் ஏறியிருக்கும். மலையில் அப்படியில்லை. பிணை வழக்கும் பணி வழக்கும் மேலே போகும்போது முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். சட்டக் கோட்பாடுகள் அதற்கு அடுத்தபடியே.

பிணையும் வேலையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஒன்று உடலின் விடுதலை, மற்றது சம்பளம். இருந்தாலும் இரண்டிலும் மேல் நீதிமன்றம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு ஏறத்தாழ ஒன்றே: கீழே இருப்பவர் எடுத்த முடிவு சரியா என்று நான் பார்க்க மாட்டேன், அவர் முடிவெடுத்த விதம் சரியா என்றுதான் பார்ப்பேன். பணி வழக்குகளில் இதை உச்ச நீதிமன்றம் பி.சி. சதுர்வேதி வழக்கில் (1995) தெளிவாகச் சொன்னது. துறை விசாரணையில் ஒரு குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதா என்று சாட்சியங்களை மறுபடி எடைபோடுவது உயர் நீதிமன்றத்தின் வேலையல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து போன பி. குணசேகரன் வழக்கிலும் (2014) அதே விதி நீண்ட பட்டியலாகவே வந்தது. பிணையிலும் இப்படித்தான். கொடுத்த பிணையை ரத்து செய்ய இரண்டு வழிகள் உண்டு. பிணையில் வந்தவர் சாட்சியை மிரட்டுவது, தலைமறைவாவது போன்ற பின்நிகழ்வுகளைக் காட்டி ரத்து செய்வது ஒன்று. தவுலத் ராம் வழக்கு (1994) அதற்கு வலுவான காரணங்கள் வேண்டும் என்றது. பிணை கொடுத்த ஆணையிலேயே கோளாறு இருப்பதாகக் காட்டி அதை விலக்குவது மற்றொன்று. மஹிபால் வழக்கு (2019) இதைப் பிரித்துக் காட்டி, பொருத்தமான செய்திகளைக் கருத்தில் கொள்ளாமலும் காரணம் சொல்லாமலும் கொடுத்த ஆணை நிற்காது என்றது. ஆக எல்லாம் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. கீழே இருந்தவர் முன்னால் என்ன இருந்தது? முன்னால் வைக்கப்படாததை அவர் கருத்தில் கொள்ளவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. மலைக்காரரின் வழக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

பிணையை எடுத்துக்கொள்வோம். கண்டிப்பாகச் சொன்னால் சாதாரணக் குற்ற வழக்குகளில் பிணை மறுப்புக்கு மேல்முறையீடே இல்லை. நடுவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றத்தில் புது மனு, அங்கும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு புது மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 439ஆவது பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 483ஆவது பிரிவாகியிருக்கிறது. பெயரளவில் புது மனுதான் என்றாலும் மேலே படிக்கப்படுவது பழைய கட்டு: முதல் தகவல் அறிக்கை, காவல்துறையின் எதிர்ப்பு மனு, கீழே மறுத்த ஆணை. குற்றம் சாட்டப்பட்டவர் ஓடிவிடுவாரா என்பதுதான் பிணையின் மையக் கேள்வி. அதைப் பணத்தால் அளக்காதீர்கள், அந்த மனிதர் ஊரில் எத்தனை காலம் இருக்கிறார், குடும்பம் எங்கே, வேலை என்ன, ஊரில் யார் அவருக்காகப் பேசுவார்கள் என்று பாருங்கள் என 1979இலேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த அளவுகோலை நேர்மையாக வைத்தால் கொல்லிமலைக்காரரைப் போலப் பிணைக்குத் தகுதியானவர் கிடைப்பது அரிது. தலைமுறைகளாக ஒரே நாடு, ஒரே ஊர். நிலமும் சாமியும் அங்கேயே. ஊர்க்கவுண்டரையும் நாட்டாரையும் கேட்டால் அவர் பாட்டன் பெயர் வரை சொல்வார்கள். ஆனால் அந்தப் பேச்சு எந்தக் கட்டிலும் இருக்காது. கட்டில் இருப்பது பெயர், தந்தை பெயர், கதவிலக்கம் இல்லாத ஒரு முகவரி. ஓடிப்போக இடமில்லாத மனிதர், ஏட்டில் மட்டும், எங்கு வேண்டுமானாலும் ஓடிப்போகக்கூடியவராக நிற்கிறார்.

பிணை கிடைத்த பிறகும் இதே சிக்கல் இன்னொரு வடிவில் வரும். ஜாமீன்தாரர்கள் இருவர் வேண்டும், ஒருவராவது ரத்த உறவாக இருக்க வேண்டும், சொத்து வரி ரசீதோ சொத்து மதிப்புச் சான்றோ காட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பழகிப்போன நிபந்தனை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைக்கும் நில உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ கைமாற்றவோ முடியாது. பழங்குடியின் நிலம் பிறர் கைக்குப் போகாமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் விற்க முடியாத நிலத்துக்குச் சந்தை மதிப்பு என்ன என்று கேட்டால் ஜாமீன் படிவத்தில் எழுத எதுவுமில்லை. 1978இல் மோத்தி ராம் வழக்கில் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்; அண்ணனோ தம்பியோ கொண்டுவந்த சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளவும் செய்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தொகையை 1,000 ஆக்கியதோடு, உள்ளூர் சொத்து என்ற பிடிவாதத்தையே சாடினார். 45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று, உச்ச நீதிமன்றம் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: ஆணையின் நகல் சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும், 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பது தாமதத்துக்குக் காரணமாகிறது. நல்ல நெறிகள்தான். ஆனால் பிணை கிடைத்தவருக்கே அவை உதவும். ஏட்டில் வேர் தெரியாததால் பிணையே கிடைக்காதவரை அவை தொடுவதில்லை.

மலைக்காரர் குற்றம் சாட்டப்பட்டவராக இல்லாமல் பாதிக்கப்பட்டவராக இருக்கும்போதுதான் உண்மையான பிணை மேல்முறையீடு வருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 14அ பிரிவின்படி, சிறப்பு நீதிமன்றம் பிணை கொடுத்தாலும் மறுத்தாலும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுதான் செய்ய வேண்டும். அதோடு சேர்ந்து வந்த 15அ பிரிவு, பிணை விசாரணையில் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கொடுத்து அவர் பேச்சையும் கேட்க வேண்டும் என்கிறது. ஹரிராம் பாம்பி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று தீர்த்தது. தகவல் கொடுக்காமல் அளிக்கப்பட்ட பிணை ரத்தானது. இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா, அவரை உள்ளே வைக்க வேண்டுமா என்ற கேள்விக்குள் போகாமலேயே ஆணையைத் தள்ள இங்கே வழி கிடைத்திருக்கிறது. பேச வேண்டியவர் பேச்சு ஏட்டில் இல்லை, ஆகவே முடிவெடுத்த விதம் தவறு. மேல் நீதிமன்றத்தின் சுயக்கட்டுப்பாட்டை மீறாமலேயே ஏட்டின் வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

பிணைக்கும் வேலைக்கும் இடையே சட்டமே போட்டுவைத்த ஒரு பாலமும் உண்டு. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(e) விதிப்படி, ஓர் அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே கொள்ளப்படுவார். யாரும் தனியாக முடிவெடுக்கத் தேவையில்லை, கடிகாரமே போதும். வெள்ளிக்கிழமை மாலை கைதாகும் ஒரு பள்ளி ஆசிரியருக்கோ வனக் காவலருக்கோ ஞாயிறு மாலைக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். குற்றக் குறிப்பாணை இல்லாமல் 3 மாதத்துக்கு மேல் இப்படி வைத்திருக்கக் கூடாது என்று அஜய் குமார் சவுத்ரி வழக்கு (2015) வரம்பு கட்டியது. ஆயினும் வேலை போன வழக்கு பல ஆண்டு கழித்துச் சென்னைக்கு வரும்போது கட்டின் முதல் தாளாக இருக்கப்போவது, யாரும் எடைபோட்டுப் பாராத அந்த 48 மணி நேரம்தான்.

பணி வழக்குகளில் கொல்லிமலையை நேராகத் தொடுவது சாதிச் சான்றிதழ். மலையாளி என்பது தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் பெயர். தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் என்ற எல்லையோடு. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல், பழைய சேலத்தின் பகுதி என்பதால் அந்த எல்லைக்குள் வருகிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகளுக்கு அதே பெயர் இருந்தும் இடமில்லை. குடியரசுத் தலைவரின் பட்டியலில் நீதிமன்றம் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று மிலிந்த் வழக்கு (2000) அடித்துச் சொல்லியிருக்கிறது. பெயரே முதல் தொல்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த சொல்லைக் கேட்டதும் வெளியூர் அலுவலர்களுக்குக் கேரளம்தான் நினைவுக்கு வருகிறது. இவர்கள் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வதும் வழக்கம். பாட்டனின் பத்திரத்திலோ பள்ளிப் பதிவேட்டிலோ ‘கவுண்டர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பேரன் அரசு வேலையில் சேர்ந்து பல ஆண்டு கழித்து அந்த ஒரு சொல் எதிர்ச்சாட்சியாக எழுந்து நிற்கும்.

1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒரு முழு ஏற்பாட்டையே வகுத்துக் கொடுத்தது: கூர்நோக்குக் குழு, விழிப்புப் பிரிவு, நேரடி விசாரணை. விழிப்புப் பிரிவு ஆவணங்களோடு தெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமச் சடங்கு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொல்லிமலை மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை என்ன? காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் பிரிந்து போனார்கள் என்கிற கதை. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பிலேயே பதிவானது. சமவெளியிலிருந்து வந்த வேளாளர் வழி என்று தாங்களே சொல்லிக்கொள்ளும் ஒரு பழங்குடியைச் சடங்குச் சோதனையில் நிறுத்தினால், அவர்கள் பேசப் பேச அவர்களுக்கே எதிராக முடியும். 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு மகாராஷ்டிரத்துத் தாக்கூர் பழங்குடிகள் வழக்கில், இந்தச் சடங்குச் சோதனை இறுதி உரைகல் அல்ல என்றது. அரசியல் சட்டத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கே கூடுதல் மதிப்பு என்றும் சேர்த்துச் சொன்னது. முதல் பாதி மலைக்காரருக்கு நிம்மதி. இரண்டாம் பாதி அவரைப் பழையபடி ஏட்டிடமே கொண்டுபோய் விடுகிறது. 1950க்கு முன்னால் பள்ளிக்கூடம் எட்டாத ஊர்க்காரரிடம் 1950க்கு முந்தைய பள்ளிச் சான்றைக் கேட்டால் எங்கே போவார்? தமிழ்நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு: 1989 நவம்பர் 11 வரை பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுத்தார், பிறகு கோட்டாட்சியர். வட்டாட்சியர் அன்று கொடுத்தது, முறைப்படி ரத்தாகும்வரை செல்லும் என்று ஆர். கந்தசாமி வழக்கில் (1997) உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், சரிபார்ப்பு முடியவில்லை என்பதற்காக ஓய்வூதியப் பலன்கள் நிறுத்தப்பட்டு உயர் நீதிமன்றம் ஏறிய வழக்குகள் பல.

இப்படிச் சொல்வதால் நீதிமன்றங்கள் இளகியிருக்க வேண்டும் என்று நான் வாதிடுவதாகக் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இருக்கும் ஒதுக்கீடு 1 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 7,94,697. நூற்றில் ஒன்றாக இருக்கும் அந்த இடத்தில் போலிச் சான்றிதழோடு ஒருவர் உட்கார்ந்தால் இழப்பு கொல்லிமலைக்கும் கல்வராயனுக்கும்தான். அதனால்தான் ஜெகதீஷ் பாஹிரா வழக்கின் (2017) கடுமை எனக்கு நியாயமாகவே படுகிறது: உரிமை பொய்யென்று தீர்ந்தால் எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் பதவி நிற்காது, இரக்கம் காட்டும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இல்லை. ஆனால் 2024இல் கே. நிர்மலா வழக்கில், கர்நாடக அரசின் சுற்றறிக்கைகளை நம்பிச் சான்றிதழ் வாங்கி வேலையில் சேர்ந்தவர்களை உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. இரண்டும் முரண் போலத் தெரியும், ஆனால் முரண் இல்லை. முன்னதில் பொய்யென்று தீர்ந்த உரிமையைக் கோரியவர் ஊழியரே. பின்னதில் குழப்பம் அரசு உண்டாக்கியது. ஏடு ஏன் அப்படி இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்ட பிறகு முடிவில் கடுமை காட்டலாம். கேட்காமல் காட்டும் கடுமை மெய்யான மலையாளியையும் போலியையும் ஒரே தட்டில் வைத்துவிடும்.

மேல் நீதிமன்றம் ஏட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1992 ஜூன் 20 அன்று, கொல்லிமலையின் உறவுக் குடிகளான மலையாளிகள் வாழும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நடத்திய வன்முறைக்கு முதலில் எழுதப்பட்ட ஏடு, ஊரே சந்தனக் கடத்தல் ஊர் என்பதுதான். பெண்கள் சிறைக்குப் போனார்கள். அந்த ஏட்டை மாற்ற மலைவாழ் மக்கள் சங்கத்தின் போராட்டமும், 1995இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்ட சிபிஐ விசாரணையும் தேவைப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, மீதி 215 பேரும் 2011 செப்டம்பர் 29இல் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடுகள் சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29இல் தள்ளுபடியாயின. அதற்கு முன் மார்ச் மாதத்தில் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு ஜனவரியில், நாமக்கல் மாவட்டத்துக் கோகுல்ராஜ் கொலை வழக்கின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோட்டுக் கோயிலையும் பள்ளிபாளையம் பக்கத்து ரயில் பாதையையும் நேரில் பார்த்தார்கள். பிறழ் சாட்சியானவரை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். சட்டத்தில் இடம் பார்க்கவும் கூடுதல் சாட்சியம் பெறவும் எப்போதும் அதிகாரம் இருந்தது, பயன்படுத்தத்தான் ஆளில்லை.

இதற்கு மறுப்பு எளிது: இரண்டும் நாடே பார்த்த வழக்குகள், ஒவ்வொரு பிணை மனுவுக்கும் பணி மனுவுக்கும் நீதிபதி மலை ஏறினால் நீதிமன்றம் என்னாவது? சரியான மறுப்பு. ஏற வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. பிணையில் சாட்சியங்களை ஆழமாக அலசக் கூடாது என்ற விதியும் நல்லதே. அலசினால் வழக்கு தொடங்குமுன் முடிந்துவிடும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மேலே புது ஆவணத்துக்குக் கதவு திறந்தால் அதன் வழியாக முதலில் நுழைபவர் மலைக்காரராக இருக்க மாட்டார், நல்ல வக்கீல் வைத்த போலிச் சான்றிதழ்க்காரராகத்தான் இருப்பார். முடிந்த வழக்கு முடிந்ததாக இருப்பது ஏழைக்கும் பாதுகாப்பு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது ஏட்டில் புதிதாகச் சேர்ப்பதை அல்ல, ஏட்டில் இல்லாததை இல்லை என்று கவனிப்பதை. குணசேகரன் வழக்கின் பட்டியலிலேயே உயர் நீதிமன்றம் தலையிடக்கூடிய காரணங்களில் ஒன்று, ஏற்க வேண்டிய முக்கியமான சாட்சியத்தை ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி ஏற்காமல் விட்டது. ஊர்க்கவுண்டரை விசாரிக்காமல், அடுத்த ஊர் உறவினர்களிடம் கேட்காமல், அலுவலகத்திலிருந்தே எழுதிய சரிபார்ப்பு அறிக்கை இதில் ஏன் அடங்காது? அப்படியானால் மேல் நீதிமன்றம் சான்றிதழ் மெய்யா பொய்யா என்று சொல்ல வேண்டியதில்லை. மலைக்குப் போய் மறுபடி விசாரி என்று திருப்பி அனுப்பினால் போதும். போலிக்காரருக்கு அதனால் ஆதாயமில்லை; அவர் அஞ்சுவதே ஊர் விசாரணைக்குத்தான்.

பிணைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஹுசைனாரா வழக்கு கேட்கச் சொன்ன ஊர், குடும்பம், வேலை பற்றிய செய்திகளில் ஒன்றேனும் நடுவரின் ஆணையில் இருக்கிறதா என்று உயர் நீதிமன்றம் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த மறுப்புக்கு எடை குறைவு. அதைத் திரட்டிக் கொடுக்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவர் செம்மேட்டுக்குப் போய்வர ஒரு நாள் ஆகும். வன்கொடுமை வழக்கிலோ இன்னும் சுருக்கம். பாதிக்கப்பட்டவருக்கு எந்தத் தேதியில் தகவல் போனது, அவர் என்ன சொன்னார் என்று பிணை ஆணையில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க எந்த நீதிபதியும் காரவள்ளியைத் தாண்ட வேண்டியதில்லை.